ஏழாம் எண் பில்லை

கசார்வாடி, புனே
14 ஜூலை 2025

திருமதி ஜோசபின் கார்ல் அவர்களுக்கு,
செயலாளர், தமிழ் வாசகர் மன்றம், தேஹு ரோடு.

அம்மையீர்,

என் முறையீடுகளைத் தேதிவாரியாக எழுதுகிறேன். நினைவில்லை என்று பின்னர் தாங்கள் சொல்வதற்கு இடம் வைக்க நான் விரும்பவில்லை.

1. 15.6.2025. மன்றக் கூடம் ஆகஸ்ட் முடிந்ததும் இடிபடும் என்றும், தேவாலயப் பின்னறையில் நமக்கு ஒரே ஒரு பீரோ கிடைக்கும் என்றும் தெரிந்தபின், அரசியல் கோட்பாட்டு நூல்களில் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பைப் பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்தது. கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிப்பவன் என்ற தகுதியில் அது எனக்கு வந்தது. அதே கூட்டத்தில் தாங்கள், "அவர் இருந்தால் ஒரு ஜோடியைக்கூடப் பிரிக்க விட்டிருக்க மாட்டார்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னீர்கள். அவர் என்பது சென்ற நவம்பரில் காலமான தங்கள் கணவர், என் நண்பர் கார்ல்.

2. 22.6.2025. மன்றத்தில் கார்ல் ஏற்படுத்திய ஜோடி விதி நம் இருவருக்கும் தெரிந்ததே. ஒரு கோட்பாட்டை ஆதரிக்கும் நூலின் பக்கத்தில் அதை மறுக்கும் நூல் நிற்க வேண்டும். ஒன்றை எடுப்பவர் மற்றதையும் எடுத்துச் செல்ல வேண்டும். எடுத்த இடத்து ஆணியில், கார்ல் வேலை பார்த்த ராணுவ டிப்போவின் கருவி அறையில் செய்வதைப் போல, பலகையில் தொங்கும் தன் எண் பொறித்த பித்தளைப் பில்லையை எடுத்து மாட்ட வேண்டும்; நூல் திரும்பியதும் பில்லை பலகைக்குத் திரும்பும். இது முப்பதாண்டுக் காலம் எவரையும் எந்த முடிவுக்கும் வரவிடாத விதி. ஆகவே அன்று அதை நீக்கினேன். தேசியவாதத்தை வைத்துச் சர்வதேசியத்தை விட்டேன். சீர்திருத்தத்தை வைத்துப் பழமைவாதத்தை விட்டேன். விட்டவற்றைக் கயிற்றால் கட்டி, பழைய தாள் வாங்கும் ரத்திக் கடைக்காகக் கதவருகே வைத்தேன்.

3. 29.6.2025. கட்டு தளர்ந்திருந்தது. சர்வதேசியம் கட்டிலும் இல்லை, தேசியவாதம் தட்டிலும் இல்லை. அந்த ஜோடியின் ஆணியில் ஏழாம் எண் பில்லை தொங்கியது. அது கார்லுடைய எண்.

4. 6.7.2025. அந்த ஜோடி திரும்பி வந்து, பழையபடி ஒட்டி நின்றது. அடுத்த ஜோடி போயிருந்தது. பில்லை அடுத்த ஆணிக்கு நகர்ந்திருந்தது. அதை எடுத்துப் பார்த்தேன். வெளியே மழை, கூடம் முழுவதும் ஈரக் குளிர், பித்தளையோ சட்டைப்பையிலிருந்து அப்போதுதான் எடுத்ததைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. எந்த உபாயத்தால் அதைச் சூடாக்கினீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

5. 13.7.2025. நேரில் கேட்டேன். தாங்கள் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "சாய் ஆறிடும், குடிங்கண்ணே" என்றீர்கள்.

ஏழாம் எண் பில்லையை அடக்கத்தன்று கார்லின் சட்டைப்பையில் வைத்தவன் நான். பெட்டியை மூடும்வரை அங்கேயே நின்றிருந்தேன். ஆகவே தாங்கள் மாட்டி வைப்பது போலி. அதை எங்கே செய்வித்தீர்கள் என்பதைக் கடிதம் மூலம் தெரிவிக்கவும். தொலைபேசியில் தங்களுடன் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். என்னை இனி அண்ணன் என்று அழைக்க வேண்டாம்.

இன்பநாதன்

*

தேஹு ரோடு
19 ஜூலை 2025

மரியாதைக்குரிய ஐயா,

அண்ணன் என்று எழுதக் கூடாது என்கிறீர்கள். ஐயா என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு யாருக்கோ எழுதும் கடிதம் மாதிரி இருக்கிறது.

நான் எந்தப் பில்லையும் செய்விக்கவில்லை. மன்றச் சாவி என்னிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. ஞாயிறு தவிர நான் கூடத்துப் பக்கம் போவதே இல்லை. அவர் உட்கார்ந்த நாற்காலியைப் பார்க்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகு போய்ப் பார்த்தேன். பில்லை தொங்கியது. விளிம்பில் பல்லால் கடித்தது போல ஒரு வெட்டு. டிப்போவில் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிரைண்டிங் கல்லில் பட்டது. அந்த வெட்டையும் சேர்த்துப் போலி செய்து தர தேஹு ரோட்டில் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள். நான் அதைத் தொடவில்லை. பக்கத்தில் கை வைத்தேன், சூடு தெரிந்தது. அவருக்கு எப்பவும் உடம்பு சூடுதான்.

உங்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். அடக்கத்தன்று, பில்லையை வைக்க வேண்டாம், அது பலகைக்குப் போக வேண்டிய பொருள் என்று நான்தான் அழுதேன். மாலைச் சங்கு ஊதினதும் டிப்போவில் பலகையைத்தான் பார்ப்பார்கள். பில்லை பலகைக்கு வந்துவிட்டால் ஆள் வீட்டுக்குப் போய்விட்டான். பில்லை கருவியின் ஆணியிலேயே தொங்கினால் ஆள் இன்னும் உள்ளே, கேட்டைப் பூட்டக் கூடாது. நீங்கள், அவனுடையது அவனோடு போகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அவருடைய பில்லை பலகைக்கு வரவே இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எனக்குப் பயமாக இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

எந்தக் கட்சி, எந்தக் கொள்கை என்று உங்கள் இருவருக்கும் நடந்த சண்டையை எத்தனை வருஷம் சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறேன். அவர் உங்களைச் சீண்டுவார்: "புரொபசர், நீ தீர்ப்பு எழுதவே பிறந்தவன்யா, கேஸ்தான் உனக்குக் கிடைக்கல." இப்போது கேஸ் கிடைத்திருக்கிறது. எழுதுங்கள். நான் குறுக்கே வரவில்லை.

ஜோசபின்

*

கசார்வாடி
28 ஜூலை 2025

அம்மையீர்,

தங்கள் கடிதத்தில் விளக்கம் என்று எதுவும் இல்லை. மூடநம்பிக்கையைப் பணிவான குரலில் எழுதினால் அது சான்றாகிவிடாது.

நேற்று நடந்தவற்றையும் நான் எடுத்த நடவடிக்கையையும் பதிவு செய்கிறேன். ஏழாம் எண் பில்லை தட்டின் கடைசிக்கு முந்தைய ஆணிவரை நகர்ந்துவிட்டது. நான் பிரித்த ஜோடிகள் அனைத்தும் மீண்டும் ஒன்று சேர்ந்திருந்தன. மிஞ்சியிருந்தது நான் இன்னும் பிரிக்காத கடைசி ஜோடி. சிவப்புக் காலிகோத் துணி அட்டையில் பொதுவுடைமை பற்றிய நூல், நீல அட்டையில் தாராளவாதம் பற்றிய நூல். இவ்விரண்டில் எது என்ற கேள்வியில்தான் கார்லும் நானும் இளமையில் நண்பர்களானோம், அதே கேள்வியில்தான் அவன் இறப்பதற்கு முந்தைய ஓராண்டு முழுவதும் பேசாமல் இருந்தோம். இளமையிலேயே நான் நீலத்தைத் தேர்ந்தேன். அவன் சிவப்பைத் தேர்ந்திருந்தால் எனக்குக் கோபமில்லை. அவன் எதையுமே தேரவில்லை. எந்தப் பக்கம் நான் நின்றாலும் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வான். அவன் பெயரை வைத்து அவனைச் சிவப்பு என்று நினைத்தவர்கள் உண்டு. அப்பெயர் அவன் தந்தைக்கு வேலை வாங்கித் தந்த ஒரு ஜெர்மானியப் பாதிரியாருடையது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிச் சிரிப்பான்.

இந்தக் கடைசி ஜோடியை எவரும் எடுக்காதபடி செய்ய முடிவு செய்தேன். பலகையிலிருந்து என் பில்லையை, பதினொன்றாம் எண்ணை, எடுத்து அந்த ஆணியில் மாட்டினேன். நூல்களை எடுக்கவில்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. என் பில்லை தொங்குவதால் வேறு எவரும் விதிப்படி அவற்றைத் தொட முடியாது. விதியை மதிப்பதாகச் சொல்பவர்களுக்கு விதியாலேயே பதில்.

பின்னர் கதவைப் பூட்டி, பூட்டின்மேல் தாள் ஒட்டி, தேதியுடன் குறுக்கே கையொப்பமிட்டுள்ளேன். என் எழுத்துபூர்வ அனுமதியின்றி அம்முத்திரையை உடைப்பது மன்றத்தின் தீர்மானத்தை மீறுவதாகும்.

இன்பநாதன்

*

தேஹு ரோடு
9 ஆகஸ்ட் 2025

ஐயா,

நீங்கள் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. முத்திரை ஒட்டினதைச் சொல்லவில்லை. பொருளை எடுக்காமல் பில்லையை மாட்டினீர்களே, அதைச் சொல்கிறேன். கூடத்துக்கு எதிர்வீட்டு ஆண்டனி அண்ணனிடம் கேட்டேன். டிப்போவில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், தெரியுமே. கேட்டதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஐயையோ, அப்படி மாட்டப்படாதும்மா. ஸ்பேனருக்குப் பதிலா ஆளையே உள்ள விட்டுட்டுப் போன கணக்கு அது" என்றார்.

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கூட்டாமல் குறைக்காமல். சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கூடத்துத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். உங்கள் முத்திரை பூட்டில் அப்படியே இருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம்.

ஒரு குரல் அவருடையது. அதற்கு நான் எத்தனையோ மாதமாகத் தயாராகத்தான் இருந்தேன். சுவரில் சாய்ந்துகொண்டேன். இன்னொரு குரல் உங்களுடையது. நீங்கள் சந்தை, சுதந்திரம் என்று ஏதோ சொல்ல, அவர் மறுக்க, உடனே நீங்கள் அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு அவர் நீங்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு, யார் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போனது. அப்புறம் நீங்கள் சிரித்தீர்கள். தொடை தட்டி, இருமல் வரும்வரை. உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சிரிப்பீர்களே, அந்தச் சிரிப்பு.

என்னை அறியாமல் ஜன்னலருகே போய், "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டேன். நீங்கள் போட்ட தடை அப்போது ஞாபகம் வரவில்லை. உள்ளேயிருந்து, "என்னம்மா, சாய் கொண்டாந்தியா?" என்று பதில் வந்தது.

வீட்டுக்கு ஓடி வந்து முதல் வேலையாக உங்கள் வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் செய்தேன். நீங்கள் எடுத்தீர்கள். "பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள். அப்படியென்றால் நான் யாரைக் கூப்பிட்டேன்?

ஜோசபின்

*

கசார்வாடி
13 ஆகஸ்ட் 2025

அம்மையீர்,

தாங்கள் குறிப்பிடும் நாளில் நான் வீட்டை விட்டு வெளியேறவில்லை. இது சாட்சியத்துடன் நிரூபிக்கக் கூடியது. ஆகவே தாங்கள் கேட்டது என் குரல் அல்ல. நான் அவ்வாறு சிரிப்பதும் இல்லை.

இதனோடு தொடர்பில்லாத ஒன்றையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. நேற்று முன்தினம் வகுப்பில் தாராளவாதத்தின் மீதான விமர்சனங்களை நடத்திக்கொண்டிருந்தேன். ஷ்ரேயஸ் என்றொரு மாணவன், இரண்டில் நீங்கள் எதைத் தேர்வீர்கள் சார் என்று கேட்டான். ஆண்டுதோறும் யாரேனும் கேட்கும் கேள்வி. அதற்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் உண்டு. வாயைத் திறந்தேன். பதில் இருந்த இடம் எனக்குத் தெரிந்தது. அங்கே பதில் இல்லை. மணி அடிக்கும்வரை நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இது களைப்பு. இதைத் தங்கள் கட்டுக்கதைக்கு ஆதாரமாகப் பயன்படுத்த வேண்டாம்.

இன்பநாதன்

*

தேஹு ரோடு
18 ஆகஸ்ட் 2025

ஐயா,

ஆதாரமாகப் பயன்படுத்தவில்லை. அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு அழுதேன், அவ்வளவுதான்.

நேற்றுப் பூசை முடிந்து, ஆண்டனி அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறக்கவில்லை. உங்கள் முத்திரையை நான் உடைக்க மாட்டேன், பயப்பட வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தோம். நல்ல வெளிச்சம், மழை விட்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. நாற்காலி இரண்டு எதிரெதிரே இழுத்துப் போடப்பட்டிருந்தது. தட்டின் கடைசியில் சிவப்புப் புத்தகமும் இல்லை, நீலமும் இல்லை. ஒரே ஆணியில் ஏழும் பதினொன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கின. காற்றே இல்லாத இடத்தில் இரண்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. இப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி.

ஆண்டனி அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "ரெண்டு பேரும் சந்தோஷமாத்தான் இருக்காங்க போல" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

கூடத்தை இடிக்கிறவர்கள் செப்டம்பர் முதல் தேதி காலையில் வருகிறார்கள். அதற்கு முன்னால் யாராவது பில்லைகளை எடுத்துப் பலகையில் மாட்டியாக வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது கேட்டைப் பூட்டக் கூடாது, சுவரை மட்டும் இடிக்கலாமா? எடுத்து மாட்டிவிட்டால் அவர் போய்விடுவார். எனக்குத் தெரியும். அவர் போகட்டும். நான் அதற்கு மனதைத் தேற்றிக்கொண்டேன்.

உங்களுடையதுதான் எனக்கு விளங்கவில்லை. ஜன்னலுக்குள்ளே இருக்கிறவருக்கு என் குரல் தெரிகிறது, சிரிப்பு வருகிறது, கேட்டால் பதில் சொல்கிறார். எனக்குக் கடிதம் எழுதுகிறவருக்குக் கோபம் மட்டும்தான் வருகிறது. நான் பதினொன்றை எடுத்துப் பலகையில் மாட்டினால் இரண்டு பேரும் ஒன்றாக வருவீர்களா, ஒருவர்தான் வருவாரா? ஒருவர்தான் என்றால் யார்?

நீங்களே வந்து எடுத்துவிடுங்கள். உங்கள் பில்லை, உங்கள் கை.

ஜோசபின்

*

கசார்வாடி
23 ஆகஸ்ட் 2025

ஜோசபின்,

நேற்று வந்தேன். தங்களிடம் சொல்லாமல் வந்தேன், சொல்லாமல் திரும்பினேன். ஆகவே தாங்கள் அறியாத செய்திகள் இக்கடிதத்தில் உள்ளன.

லோக்கல் ரயிலிலிருந்து இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறாமல், நடந்தே கூடத்துக்கு வந்தேன். பிற்பகல். முத்திரை குலையாமல் இருந்தது. கையொப்பம் என்னுடையதுதான் என்பதைச் சரிபார்த்தேன். உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தது. தாங்கள் எழுதியதில் ஒரு பிழையைத் திருத்துகிறேன். யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனதாக எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கார்ல் நீல நூலின் பக்கம் நின்று பேசினான். சிவப்பு நூலுக்காக வாதாடிய குரல் என்னுடையது. நான் வாழ்நாள் முழுவதும் மறுத்த வாதங்களை அக்குரல் என்னைவிடத் தெளிவாக, என்னைவிட நியாயமாக எடுத்துவைத்தது. இறுதியில் கார்ல், "இப்போ என்ன சொல்றே புரொபசர், எதை எடுப்பே?" என்று கேட்டான். அக்குரல், "ரெண்டையும் கொடு, வீட்டுக்குப் போய்ப் படிக்கணும்" என்றது. இருவரும் சிரித்தார்கள்.

நான் முத்திரைத் தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். சத்தம் கேட்டிருக்க வேண்டும். பேச்சு நின்றது. நாற்காலி நகர்ந்தது. காலடி கதவருகே வந்து நின்றது. மரத்துக்கு அப்பாலிருந்து, என் குரலில், "யாரு?" என்று ஒரு கேள்வி.

அது மரியாதையான கேள்வி. வந்திருப்பவர் யார் என்று உண்மையிலேயே அறிய விரும்பிய கேள்வி. நான் பதில் சொல்ல முயன்றேன். பெயரைச் சொன்னால் அது பொய்யாகும் என்று தோன்றியது. வேறு எதுவும் என்னிடம் இல்லை. திரும்பி நடந்தேன். என் முதுகுக்குப் பின்னால், "யாருமில்லப்பா, காத்து" என்று அக்குரல் கார்லிடம் சொல்வது கேட்டது.

தாங்கள் எனக்கிட்ட பணியை, என் கையால் என் பில்லையை எடுப்பதை, என்னால் செய்ய இயலாது. என் கை அக்கதவைத் திறக்கும் கை அல்ல என்று காட்டப்பட்டுவிட்டது. தாங்கள்தான் திறக்க வேண்டும். முத்திரையை உடைக்க இதன் மூலம் எழுத்துபூர்வ அனுமதி அளிக்கிறேன்.

ஜூன் 22 முதல் நான் செய்த தேர்வுகள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். எந்த ஜோடியையும் பிரிக்க வேண்டாம். பீரோவில் இடம் போதாவிட்டால் மீதி ஜோடிகள் என் வீட்டுக்கு வரட்டும், சுவர்கள் காலியாகத்தான் இருக்கின்றன. இதை மனமாற்றம் என்று தாங்கள் கருத வேண்டாம். மாறுவதற்கு உரியது உள்ளே இருக்கிறது. என் கோபம் குறையவில்லை. சொல்லப்போனால் அது ஒன்றுதான் நான் இன்னும் இங்கே இருப்பதற்கு அடையாளம்.

இனித் தங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒருவர்தான் என்றால் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு ஜோடியில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று பொதுக்குழுவில் வாதிட்டவன் நான். மற்றதைக் கயிற்றில் கட்டிக் கதவருகே வைத்தவனும் நான்தான். அந்த விதி எனக்கும் பொருந்தும் என்றால் எதிர்த்து வாதிட என்னிடம் வாதம் இல்லை. உள்ளே இருப்பவரிடம் நல்ல வாதங்கள் இருக்கின்றன என்பதை என் காதாலேயே கேட்டேன்.

ஆயினும் ஒரு கோரிக்கையைப் பதிவு செய்கிறேன். தாங்கள் கதவைத் திறந்து, முதலில் ஏழாம் எண்ணைப் பலகையில் மாட்டுவீர்கள். பின்னர் பதினொன்றை எடுத்துக் கையில் வைத்திருப்பீர்கள். அப்போது அது வெதுவெதுப்பாக இருக்கும். அதைப் பலகையில் மாட்டும் முன் தாங்கள் ஒருவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ அழைப்பீர்கள், அதுதான் தங்கள் வழக்கம். அன்று நான் வாசலில் நிற்பேன். என் குரலில் பேசும் அவர் உள்ளே நிற்பார். தாங்கள் அழைப்பவர்தான் எஞ்சுவார்.

ஜூலை 14 அன்று, தாங்கள் என்னை அழைக்கும் ஒரு சொல்லைத் தடை செய்தேன். அச்சொல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை ஆகஸ்ட் 9 தேதியிட்ட தங்கள் கடிதம் தெரிவிக்கிறது. அத்தடையை இன்று நீக்குகிறேன்.

கதவைத் திறந்ததும் அண்ணன் என்று தாங்கள் அழைக்கப்போவது யாரை என்பதை, 29 ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், எழுத்துபூர்வமாக, இம்முகவரிக்குத் தெரிவிக்கவும்.

இன்பநாதன்